மூடிய உறை பிறந்த கதை

முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் கடற்படை விமானியாகப் போன ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில், காசநோயோடு ஊர் திரும்பினார். பிழைக்கமாட்டார் என்று மருத்துவர்கள் கைவிரித்தார்கள். பிழைத்தார். ஆனால் டாக்டராகும் கனவு நோய்ப்படுக்கையிலேயே கலைந்தது. தபால் வழியில் பொருளாதாரம் படித்துத் தேறி, புள்ளியியல் பக்கம் போனார். அந்தப் பாதையே அவரை மருத்துவத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தும் என்று யார் கண்டார்?

அக்காலத்தில் புது மருந்தைச் சோதிக்க, வரிசையில் ஒருவருக்கு மருந்து, அடுத்தவருக்கு வழக்கமான சிகிச்சை என மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள். அடுத்த முறை எது என்பது மருத்துவருக்கு முன்பே தெரிந்துவிடும். தனக்குப் பிடித்த நோயாளியை மருந்துப் பக்கம் நகர்த்தக் கெட்ட எண்ணம் தேவையில்லை, இரக்கமே போதும். ஒப்பீடு அங்கேயே கெட்டது. ஹில்லிடம் மாற்றுவழி இருந்தது, அதை முழுமையாகச் செய்துகாட்டத் தருணம்தான் வாய்க்கவில்லை.

தருணம் பஞ்சத்தின் உருவில் வந்தது. 1943-இல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின், காசநோய்க் கிருமியை அடக்கியது. போரில் நொடித்த பிரிட்டனிடம் அதை வாங்கப் போதிய டாலர் இல்லை. கிடைத்ததோ கொஞ்சம். எல்லோருக்கும் கொடுக்க முடியாதபோது, யாருக்கு என்பதை மனிதர் அல்லாத ஒன்று தீர்மானிக்கட்டுமே!

1947 ஜனவரியில் சோதனை தொடங்கியது. இரு நுரையீரலும் பழுதான இளம் நோயாளிகள் 107 பேர். சமவாய்ப்பு எண்களைக் கொண்டு ஹில் பட்டியல் தயாரித்தார். ஒட்டிய உறையின் மேல் மருத்துவமனையின் பெயரும் ஓர் எண்ணும் மட்டும். நோயாளியைச் சேர்ப்பதென்று முடிவான பிறகே உறையைப் பிரிப்பார்கள். உள்ளே ஒரு சீட்டு: ‘எஸ்’ என்றால் ஊசியும் படுக்கை ஓய்வும், ‘சி’ என்றால் ஓய்வு மட்டும். எக்ஸ்ரே பார்த்தவர்களுக்கும் யார் எந்தப் பக்கம் என்று தெரியாது.

ஆறு மாதம் கழிந்தது. மருந்து பெற்ற 55 பேரில் இறந்தவர்கள் 4, பெறாத 52 பேரில் 14. 1948 அக்டோபரில் முடிவு வெளியானது. ஆனால் தேறிவந்த பலர் மறுபடி நலிந்தார்கள். கிருமி மருந்தை எதிர்க்கப் பழகிவிட்டது!

மருந்து சறுக்கியது, உறை சறுக்கவில்லை. பாஸ் என்ற இன்னொரு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் எதிர்ப்பு வெகுவாகக் குறைகிறது என்பதையும் அதே வகைச் சோதனைதான் காட்டியது. இன்று புது மருந்துகளை நிறுத்துப் பார்க்கும் ராண்டமைஸ்டு டிரையல் இதன் வாரிசுதான். 1956-இல் அது சென்னைக்கே வந்தது. சானடோரியமா, வீடா என்ற கேள்விக்கு, நல்ல மருந்து இருந்தால் வீட்டில் வைத்தே காசநோயைக் குணப்படுத்தலாம் என்று உலகுக்குச் சொன்னவர்கள் சென்னையின் ஏழை நோயாளிகள்.