கோதுமை மணியும் கூடல் வட்டமும்

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் தமிழ் நெஞ்சம் பக்தியை நினைக்கும், ஐயத்தை நினைப்பதில்லை. வடபத்திரசாயி கோயிலின் பதினொரு நிலை இராசகோபுரத்தை அண்ணாந்து பார்ப்பவருக்கு அசையாத உறுதியே கண்ணில் படும். ஆனால் அவ்வூர் பெற்றெடுத்த ஆண்டாளின் பாடல்களை முழுவதும் படித்தவர் அவ்வாறு எண்ணுவதற்கில்லை. திருப்பாவையின் முப்பது பாசுரங்களோடு நின்றுவிடாமல் நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களுக்குள்ளும் சென்றால், அங்கே வேறொரு குரல் கேட்கிறது. காமனை நோன்பிருந்து வேண்டுகிறாள். குயிலிடம் முறையிடுகிறாள். மேகங்களைத் தூதனுப்புகிறாள். நான்காம் திருமொழியில் கூடல் இழைக்கிறாள். கண்களை மூடிக்கொண்டு மணலில் வட்டம் வரைந்து, முனைகள் கூடினால் அவன் வருவான், கூடாவிடில் வாரான் எனக் குறி பார்க்கும் பழைய வழக்கம் அது. அவன்மேல் நம்பிக்கையே அற்றவள் கூடல் இழைக்க உட்காரமாட்டாள். வருகை உறுதி என்று முற்றும் தெளிந்தவளுக்கும் அந்த மணல் வட்டம் வேண்டியதில்லை. இவ்விரண்டிற்கும் நடுவே இருப்பவளின் கைதான் நடுங்குகிறது.

கிறிஸ்தவ வாழ்வில் விசுவாசமும் ஐயமும் தமிழ் மண்ணில் எவ்வாறு ஒன்றையொன்று சந்தித்தன என்று ஆராயப் புகுவோர், ஆண்டாளின் ஊரிலிருந்தே தொடங்குவது பொருத்தம். காரணம் இல்லாமல் இல்லை. கிறிஸ்தவத் திருப்பணி வரலாற்றில் பலன் காணாத உழைப்புக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் பணி ஒன்று நடைபெற்றது ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம், சிவகாசி ஆகிய ஊர்களைக் கொண்ட இந்நிலப்பரப்பில்தான். அக்காலத்தில் இவை யாவும் திருநெல்வேலி மாவட்டத்தின் வடபகுதி. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் பிறந்ததும், 1985இல் விருதுநகரைத் தலைநகராகக் கொண்டு புதிய மாவட்டம் பிரிந்ததும் பிற்காலச் செய்திகள்.

தாமஸ் கஜட்டன் ராக்லாந்து 1815இல் ஜிப்ரால்டரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்று, 1841ஆம் ஆண்டுத் தேர்வில் நான்காம் இடம் பெற்றுத் தேறி, கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் உறுப்பினரானவர். 1846இல் சென்னைக்கு வந்து சி.எம்.எஸ். சங்கத்தின் செயலாளர் பொறுப்பை ஏற்றார். கணக்கும் கடிதமும் நிறைந்த வேலை; அதைச் செம்மையாகவே செய்தார். ஆயினும் மேசையை விட்டெழுந்து ஊர்களுக்குச் செல்ல வேண்டும் என்ற வேட்கை அவரை விடவில்லை. நுரையீரல் நோய் கண்டு தாய்நாடு திரும்பியவர், அங்கேயே தங்கிவிடாமல், டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்னும் இரு இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு மீண்டும் கப்பலேறினார். 1854இல் வடதிருநெல்வேலிச் சுற்றுப்பணி தொடங்கிற்று.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். மாவட்டத்தின் தென்பகுதியில், தேரிக்காட்டுப் பனைநிலங்களில், ரேனியஸ் காலந்தொட்டே ஊர் ஊராக மக்கள் திருச்சபையில் சேர்ந்திருந்தனர். ஆலயங்களும் பள்ளிகளும் கிறிஸ்தவக் குடியிருப்புகளும் எழுந்திருந்தன. வடக்கே நிலைமை முற்றிலும் வேறு. மேற்கே மலையடிவாரம், கிழக்கே கரிசல். நடுவே பழைய கோயில் ஊர்களும் பாளையப்பட்டு ஊர்களும். விசயநகர ஆட்சிக் காலத்தை ஒட்டித் தெலுங்கு நாட்டிலிருந்து வந்து குடியேறிய ராஜுக்கள் இராஜபாளையத்தில் தங்கள் மொழியையும் வைணவப் பற்றையும் வழுவாது காத்து வந்தனர். ஸ்ரீவில்லிபுத்தூரைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. மார்கழியின் விடியல் தோறும் பாசுரம் ஒலிக்கும் ஊருக்கு மற்றொரு பக்தியை எடுத்துச் செல்வது எளிதான காரியமா?

ராக்லாந்து பங்களா கட்டவில்லை. கூடாரம் அடித்துத் தங்கி, ஊர்களை முறைப்படி சுற்றி, மீண்டும் மீண்டும் அதே ஊர்களுக்கு வருவது என்பதே அவர் வகுத்த திட்டம். தென்பகுதிச் சபைகள் தங்கள் உபதேசிமார்களைத் தாங்களே செலவு ஏற்று மாதத்துக்கு மாதம் முறை வைத்து அனுப்பி உதவின. தமிழ்ச் சபை தன் காசில் தன் ஆட்களை வேற்றிடத்துக்கு அனுப்பிய தொடக்ககால முயற்சிகளுள் இது ஒன்று என்பது தனியே பாராட்டத்தக்கது. கூடாரத்து வெயிலும் மழையும் நோயுற்ற நெஞ்சும் சேர்ந்து ராக்லாந்தை விரைவில் அரித்தன. நான்கு ஆண்டுகளில் திருமுழுக்குப் பெற்றோர் மிகச் சிலரே. 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் குருதி கக்கி உயிர் நீத்தார். வயது நாற்பத்து மூன்று.

கோதுமை மணி நிலத்தில் விழுந்து சாகாவிட்டால் தனித்திருக்கும், செத்தால் மிகுந்த பலன் தரும் என்னும் யோவான் நற்செய்தியின் உவமை அவர் உள்ளத்திற்கு மிக நெருக்கமானது. அதைப் பின்னாளில் அவர் கல்லறையோடு சேர்த்துச் சொல்வது வழக்கமாயிற்று. ஆனால் உயிரோடிருந்தபோது அவ்வுவமை அவருக்கு ஆறுதலாக மட்டுமா இருந்திருக்கும்? மணி விழுவது விதைப்பவனுக்குத் தெரியும், முளைப்பது தெரியாது. தம் தகுதியைக் குறித்துத் தம்மையே கடிந்துகொள்ளும் இயல்புடைய ஒருவருக்கு அந்த இடைவெளி சிறிதன்று.

அவர் விட்டுவந்த இங்கிலாந்தில் ஐயம் அப்போது வேறு உருவம் கொண்டிருந்தது. 1850இல் டென்னிசன் வெளியிட்ட ‘இன் மெமோரியம்’ நண்பனின் சாவை முன்னிட்டுக் கடவுள் நம்பிக்கையையே அசைத்துப் பார்த்தது. ராக்லாந்து இறந்த மறு ஆண்டு, 1859இல், டார்வினின் நூல் வெளிவந்தது. ‘கடவுள் உண்டா’ என்பது அங்கத்திய கேள்வி. சிவகாசிக் கூடாரத்தில் அக்கேள்விக்கு இடமில்லை. ‘என்னால் ஏதேனும் ஆகுமா’ என்பதே அங்கு எழக்கூடிய கேள்வி. முன்னது அறிவின் ஐயம். பின்னது அன்பின் ஐயம். ஆண்டாளின் மணல் வட்டத்துக்கு அருகில் நிற்பது பின்னதுதான்.

ராக்லாந்து மாண்ட அதே 1858இல், ஆறு மாதங்களுக்கு முன்னர், ஏப்ரல் 18 அன்று, சென்னை மயிலாப்பூரில் தூய தோமா ஆலயத்தில் முப்பத்தொரு வயது நிரம்பாத ஒரு தமிழ்ப் புலவர் திருமுழுக்குப் பெற்றார். பாளையங்கோட்டையை அடுத்த கரையிருப்பில் 1827இல் பிறந்த கிருஷ்ண பிள்ளை அவர். வைணவ வேளாளர் குடி. தந்தை கம்பனில் தோய்ந்தவர். மகனும் அவ்வாறே வளர்ந்தார். 1853இல் கால்டுவெல்லின் தேர்வில் வென்று சாயர்புரத்தில் தமிழாசிரியரானது முதல் ஐந்து ஆண்டுகள் கிறிஸ்தவர் நடுவே வாழ்ந்தும் உடனே இசைந்துவிடவில்லை. நண்பர் தனுக்கோடி ராஜுவும் தம்பி முத்தையா பிள்ளையும் அவ்வழியில் முன்னே சென்றனர். இறுதியில் சொந்த மண்ணிலன்றித் தொலைவில் சென்னையிலேயே திருமுழுக்கு நடந்தது. அது தோமாவின் பெயர் கொண்ட ஆலயம் என்பது தற்செயலே. ஆயினும் காயத்தைத் தொட்டுப் பாராமல் நம்பமாட்டேன் என்ற திருத்தூதர் மயிலையில் உயிர் நீத்தார் என்பது வழிவழி வந்த நம்பிக்கையாதலால், கவிஞர்கள் இத்தற்செயலை எளிதில் கடந்து போகமாட்டார்கள்.

ஹென்றி ஆல்பிரெட் என்ற புதுப்பெயர் பெற்ற அப்புலவர் பழைய தமிழை விட்டுவிடவில்லை. சபைக்கு இதனால் விளைந்த நன்மை பெரிது. ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட ‘மோட்சப் பிரயாணம்’ ஐயத்தின் நூல் என்றே சொல்லத்தகும். பயணி நகரை விட்டுப் புறப்பட்ட சற்று நேரத்தில் அவநம்பிக்கைச் சேற்றில் விழுகிறான். பாதி வழிக்கு மேல் வந்த பின்னும் ஐயக் கோட்டையில் சிறைப்படுகிறான். வாக்குறுதி என்னும் திறவுகோல் முதலிலிருந்தே தன் மடியில் இருந்தது என்பது பல நாள் கழித்தே அவனுக்கு நினைவு வருகிறது. இந்நூலை உரைநடையில் தமிழாக்கியவர்கள் உண்டு. கிருஷ்ண பிள்ளை செய்தது வேறு. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய என ஐந்து பருவங்களில், 3,700க்கும் மேற்பட்ட பாடல்களில், கம்பனின் விருத்த நடையில் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காப்பியமாகவே அதை ஆக்கினார். பனியன் விரித்துரைக்காத கிறிஸ்துவின் பாடுகளைத் தம் நூலின் நடுவே நெஞ்சுருகப் பாடினார். 1894இல் நூல் முழுமையாக அச்சேறியது.

ஐயுறுவதற்கும் ஒரு மொழி வேண்டும். ராக்லாந்தும் நண்பர்களும் முயன்று தமிழ் கற்றார்கள். அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் அவர்கள் கற்ற தமிழ் அறிவிக்கும் தமிழ், அழைக்கும் தமிழ். மாலைப்பொழுதில் தனியே அமர்ந்து ‘நீ வருவாயா’ என்று கேட்கும் தமிழை அவர்கள் கல்லூரியும் கற்பிக்கவில்லை, முன்ஷியும் கற்பிக்கவில்லை. அது ஆழ்வார்களிடம் இருந்தது; நாயன்மார்களிடம் இருந்தது. கிருஷ்ண பிள்ளைக்குத் தாய்ப்பாலோடு வந்தது. தம் சிறுமையைச் சொல்லி அரற்றுவதும், உன்னைவிட்டால் கதியில்லை என்று கிடப்பதும், கைவிட்டாயோ என்று கேட்பதும் அவருக்குப் புதிதாகக் கற்க வேண்டியவை அல்ல. ‘கிறிஸ்தவக் கம்பர்’ என்று அவரைப் புகழ்வது மரபு. காப்பியக் கட்டமைப்பைக் கருதினால் அது சரியே. அவர் நெஞ்சைக் கருதினால் ஆழ்வார்களின் கடைசித் தம்பி என்பதே பொருந்தும்.

வைணவராய்ப் பிறந்து கிறிஸ்தவரான அவர், தம் காப்பியத்தின் இடையிடையே அமைத்த இசைப்பாடல்களுக்குச் சைவர்தம் ‘தேவாரம்’ என்னும் பெயரையே சூட்டினார். அவற்றுட் சில தமிழகத் திருச்சபைகளில் இன்றும் பாடப்பெறுகின்றன. ராக்லாந்தின் வரலாற்றை டோனாவூரில் வாழ்ந்த ஏமி கார்மைக்கேல் 1922இல் நூலாக எழுதியபோது, சிவகாசிப் பகுதியில் சபைகள் வேரூன்றியிருந்தன. நாச்சியார் திருமொழியின் இறுதிப் பதிகம் கேள்வியும் விடையுமாக அமைந்தது: அவனைக் கண்டீர்களா என்று ஒரு குரல் கேட்கிறது, விருந்தாவனத்தில் கண்டோம் என்று மறுகுரல் சொல்கிறது. கூடல் வட்டத்தின் முனைகள் கூடினவா என்பதை மட்டும் ஆண்டாள் கடைசிவரை சொல்லவேயில்லை.