ஒன்றேமுக்கால் ரூபாயும் பத்து ரூபாயும்

சென்னை மாகாணத்து ஆங்கிலப் பத்திரிகை வரலாறு என்றதும் முதலில் வந்து நிற்பது ‘தி இந்து’வின் கதை. 1878-இல் முத்துசாமி ஐயர் உயர் நீதிமன்ற நீதிபதியானதை வெள்ளையர் ஏடுகள் தாக்கின. பதில் சொல்ல ஆறு இளைஞர்கள் ஒன்றேமுக்கால் ரூபாய் கடன் வாங்கி, செப்டம்பர் 20 அன்று 80 பிரதிகள் அச்சிட்டார்கள். 1889-இல் அது நாளேடானது. வெள்ளையரை எதிர்த்துப் பேசிய குரல்தான் அது, நாம் மறுக்கவில்லை. அக்குரல் ‘இந்தியர்’ என்றபோது அதற்குள் யார் இருந்தார்கள் என்று கேட்கிறோம்.

1893-க்கு வருவோம். ஐ.சி.எஸ். தேர்வை லண்டனோடு இந்தியாவிலும் நடத்தச் சொன்னது காங்கிரஸ். அதன் முதல் மாநாட்டில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் இந்துவின் ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர். ஜூனில் பிரிட்டிஷ் மக்களவையும் தேர்வுக் கோரிக்கையை ஏற்றுத் தீர்மானம் போட்டது. கிணற்றுப் பக்கம் வரவிடாதவர்களின் பிள்ளைகளே கலெக்டர்களாக வந்தால் நம் மக்கள் எங்கே போய் முறையிடுவது? தேவாரத்திலிருந்து போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நம் மாணவர்களுக்கு இது பழங்கதை அல்ல.

அந்த அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ தொடங்கினார். வசைச்சொல்லாக எறியப்பட்ட பெயரையே தலைப்பில் வைத்தார். நான்கு பக்கம், விலை இரண்டணா, செலவு பத்து ரூபாய். சென்னையில் இரண்டே நாளில் சுமார் 400 பிரதிகள் போயின. மூன்று மாதத்தில் வார ஏடு, இரண்டாண்டில் சொந்த அச்சுக்கூடம். டிசம்பரில் கூட்டம் கூட்டி, 3,412 பேர் கையெழுத்திட்ட 112 அடி நீள எதிர்ப்பு மனுவை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். 1900-இல் அவர் கப்பலேறும்வரை ‘பறையன்’ வந்துகொண்டிருந்தது.