எதிர்த்துப் பேசும் ஆள்: அமெரிக்கத் தொடர்களில் வெறுக்கத்தக்க நாயகனின் வரலாறு

1971 ஜனவரி 12 அன்று சிபிஎஸ் அலைவரிசையில் ‘ஆல் இன் தி ஃபேமிலி’யின் முதல் எபிசோடு தொடங்கும் முன் திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. நம்முடைய பலவீனங்களையும் துவேஷங்களையும் நகைச்சுவையாகக் காட்டி, அவை எவ்வளவு அபத்தமானவை என்று உணர்த்துவதே தொடரின் நோக்கம் என நிறுவனம் முன்கூட்டியே சமாதானம் சொன்னது. சொல்ல வேண்டியிருந்தது. நாயகன் ஆர்ச்சி பங்கர் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வாழும் தொழிலாளி. கறுப்பினத்தவர், யூதர், போர்ட்டோ ரிக்கர், உரிமை பேசும் பெண்கள், படித்த இளைஞர்கள் என ஒருவரையும் விடாமல் ஏசுபவர். இந்தக் கதையின் இரண்டு முன்னோட்டப் படங்களைப் பார்த்த ஏபிசி நிறுவனம் இரண்டையும் வேண்டாம் என்று ஒதுக்கியிருந்தது.

மனதுக்கு ஒவ்வாத ஆட்கள் நிறைந்த ஒரு தொடரை எதற்காகப் பார்க்க வேண்டும்? ஆர்ச்சி வந்த நாளிலிருந்து இந்தக் கேள்வி அமெரிக்கத் தொலைக்காட்சியை விடவில்லை. நாயகனின் ஆழம், நடிகரின் திறமை, வசனத்தின் கூர்மை என்று பல பதில்கள் சொல்லப்பட்டுள்ளன. அவை எல்லாம் உண்மைதான், ஆனால் போதாது. அந்த நாயகனால் அடிபடுகிறவருக்கும் அவனை எதிர்த்துப் பேசுகிறவருக்கும் கதை எவ்வளவு இடம் தருகிறது என்பதை வைத்தே இத்தகைய தொடரின் மதிப்பை அளக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். ஐம்பது ஆண்டுகளில் அந்த எதிர்ப்பாளரின் இடம் எப்படி மாறிவந்தது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

1971க்கு முன் இந்தக் கேள்வி எழவே பெரிதாக வழியில்லை. 1952இல் நடைமுறைக்கு வந்த ஒளிபரப்பாளர் சங்கத்தின் நடத்தை விதிகள், குற்றச்செயலை விரும்பத்தகாததாகவும் பரிவுக்கு இடமற்றதாகவும் காட்டுமாறு பணித்தன. விதியைவிட வலுவாகக் கையைக் கட்டிப்போட்டது வருமானம். மூன்று பெரிய நிறுவனங்கள் மட்டுமே இருந்த காலம். பார்வையாளர் எண்ணிக்கையை விளம்பரதாரரிடம் விற்பதே தொழில். மக்கள் நிகழ்ச்சியைப் பார்ப்பதில்லை, தொலைக்காட்சியைப் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் வருவனவற்றுள் தங்களை மிகக் குறைவாக உறுத்துவதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று என்பிசியின் பால் க்ளைன் விளக்கினார். அந்தக் கணக்கில், யாரையும் உறுத்தாத நாயகனே லாபகரமான நாயகன்.

ஆர்ச்சியின் மூலம் பிரிட்டனில் இருந்தது. ஜானி ஸ்பைட் எழுதி 1965இல் பிபிசியில் அறிமுகமான ‘டில் டெத் அஸ் டூ பார்ட்’ தொடரின் ஆல்ஃப் கார்னெட், கிழக்கு லண்டனின் இனவெறி பிடித்த கிழவர். அவராக நடித்த வாரன் மிட்செல் யூதர், இடதுசாரி. அப்படியிருந்தும் தெருவில் அவரைத் தட்டிக்கொடுத்தவர்களில் பலர் பாராட்டியது ஆல்ஃபின் பேச்சைத்தான். இந்த ஆபத்து நார்மன் லியருக்கும் தொற்றிக்கொண்டது. தன் தந்தையின் சாயலையும் கலந்து ஆர்ச்சியை உருவாக்கிய அவர், நால்வர் அடங்கிய வீட்டில் மருமகன் மைக்கேலைச் சரிசமமாக எதிர்வாதம் செய்யவைத்தார். பக்கத்து வீட்டுக் கறுப்பின இளைஞன் லயனலின் வழி வேறு. ஆர்ச்சி தன்னைப் பற்றி என்ன நினைக்கிறாரோ அதையே அப்படியே நடித்துக் காட்டுவான். தான் கிண்டலுக்கு ஆளாவது ஆர்ச்சிக்குத் தெரியாது, பார்ப்பவருக்குத் தெரியும். 1972 பிப்ரவரியில் வந்த எபிசோடில் பாடகர் சாமி டேவிஸ் ஜூனியர் தாமாகவே தோன்றினார். ஆர்ச்சி பகுதிநேரமாக ஓட்டிய டாக்சியில் மறந்துவிட்ட பெட்டியை வாங்க வீட்டுக்கு வந்தவர், ஆர்ச்சியின் புண்படுத்தும் கேள்விகளை எல்லாம் புன்னகையோடு கேட்டுக்கொள்கிறார். கடைசியில் இருவரும் சேர்ந்து புகைப்படத்துக்கு நிற்கிறார்கள். கேமரா சொடுக்கும் கணத்தில் சாமி சட்டென்று ஆர்ச்சியின் கன்னத்தில் முத்தமிடுகிறார். ஒரு வசனமும் இல்லை. அரங்கில் எழுந்த சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆனது.

இவ்வளவு எதிர்ப்பை உள்ளே வைத்துக் கட்டிய தொடரையும் பார்வையாளர்கள் ஒரே மாதிரி பார்க்கவில்லை. ‘ஜென்டில்மேன்ஸ் அக்ரிமென்ட்’ நாவலாசிரியர் லாரா ஹாப்சன் 1971 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸில் கடுமையாக எழுதினார்: நிஜ வெறியர்கள் வாயில் புழங்கும் மிகக் கொடிய சொற்களைத் தவிர்த்துவிட்டு, வெறியனை அன்புக்குரியவனாக ஆக்கிவிட்டீர்கள். இந்தச் சர்ச்சையைக் கள ஆய்வுக்குக் கொண்டுவந்தவர்கள் நீல் விட்மார், மில்டன் ரோகீச் ஆகிய இருவர். அமெரிக்கப் பதின்பருவத்தினரிடமும் கனடியப் பெரியவர்களிடமும் அவர்கள் நடத்திய ஆய்வு 1974இல் வெளிவந்தது. துவேஷம் மிகுந்தவர்களும் குறைந்தவர்களும் தொடரை ஒரே அளவு வேடிக்கையாகத்தான் கண்டார்கள். ஆனால் துவேஷம் மிகுந்தவர்கள் ஆர்ச்சியை அதிகம் மெச்சினார்கள். வாக்குவாதத்தில் வென்றது அவர்தான் என்றும் நம்பினார்கள். தொடரோ ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்வையாளர் பட்டியலின் முதலிடத்தில் இருந்தது.

இந்த ஆய்வை வைத்துத் தொடர் தோற்றுவிட்டது என்று முடிவுகட்டுவது எளிது. அந்த முடிவு எனக்கு உடன்பாடில்லை. மைக்கேல் தோற்றதாக ஒருவர் நினைக்கலாம். மைக்கேல் பேசவே இல்லை என்று எவராலும் சொல்ல முடியாது. கதை தன் கடமையைச் செய்துவிட்டது. அதற்குப் பிறகு நடப்பது பார்ப்பவர் பாடு. இந்த வேறுபாடு பின்வந்த தொடர்களை மதிப்பிடவும் உதவும்.

எழுபதுகளின் இறுதியில் வந்த ‘டல்லஸ்’ இன்னொரு பாதையைத் திறந்தது. பாபி, பமேலா தம்பதியை மையமாக வைத்துத் தொடங்கிய கதையை அண்ணன் ஜே.ஆர். யூயிங் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். 1980 நவம்பர் 21 அன்று, அவரைச் சுட்டது யார் என்று தெரிந்துகொள்ள அமெரிக்காவில் மட்டும் 8 கோடிக்கும் மேற்பட்டோர் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தார்கள். ஆனாலும் ஜே.ஆர். வில்லன்தான். அவர் விழுவதைக் காணும் ஆசை, அவர் ஜெயிப்பதைக் காணும் ஆசைக்குக் குறையாமல் இருந்தது.

அடிப்படை மாற்றம் நிகழ்ந்தது சந்தாத் தொலைக்காட்சியில். ஹெச்பிஓவுக்கு விளம்பரதாரர் இல்லை. வீட்டில் ஐந்து பேர் இருந்தால் அவர்களில் ஒருவருக்கு ஒரு தொடர் உயிராக இருந்தாலே சந்தா தொடரும். மற்ற நால்வருக்கு உறுத்தினாலும் நஷ்டமில்லை. பால் க்ளைனின் கணக்கு இங்கே தலைகீழானது. இருந்தும் பழைய பயம் உடனே போய்விடவில்லை என்பதற்கு ‘தி சோப்ரானோஸ்’ தொடரின் ஐந்தாவது எபிசோடு சாட்சி.

‘காலேஜ்’ என்ற அந்த எபிசோடு 1999 பிப்ரவரி 7 அன்று ஒளிபரப்பானது. நியூ ஜெர்சி மாஃபியாத் தலைவன் டோனி சோப்ரானோ, மகள் மெடோவைக் கல்லூரி பார்க்க மெய்ன் மாநிலத்துக்கு அழைத்துப்போகிறான். வழியில், காவல்துறைக்குத் துப்புக் கொடுத்துவிட்டுப் பெயரை மாற்றிக்கொண்டு வாழும் பழைய கூட்டாளி ஒருவனைக் கண்டுகொள்கிறான். கதைப்படி டோனி அவனைத் தன் கையாலேயே கொல்ல வேண்டும். பார்வையாளர் இதுவரை டோனிமீது வைத்த பரிவு போய்விடும் என்று ஹெச்பிஓ அதிகாரி கிறிஸ் ஆல்பிரெக்ட் அஞ்சினார். கொல்லாமல் விட்டால்தான் பார்வையாளர் நம்பிக்கை போய்விடும், டோனி பொய்யாகிவிடுவான் என்று தொடரை உருவாக்கிய டேவிட் சேஸ் பிடிவாதமாக நின்றார். இறுதியில் துப்புக்காரனைச் சற்று மோசமானவனாகக் காட்டும் காட்சிகளைச் சேர்த்து ஒரு சமரசம் ஏற்பட்டது. கொலை அப்படியே நின்றது. கம்பியால் கழுத்தை இறுக்கும்போது டோனியின் முகத்தில் தெரியும் வெறி, தொழில் நிமித்தம் கொல்பவனின் முகம் அல்ல. திரும்பிவந்த அப்பாவின் காலணியில் சேறும் கையில் காயமும் மெடோவின் கண்ணில் படுகின்றன. அவள் கேட்கிறாள், அவன் பொய் சொல்கிறான், அவளுக்கும் அது தெரிகிறது.

மெடோவின் அந்தப் பார்வைதான் என் வாதத்துக்கு வேண்டியது. டோனியோடு ஒட்டி நடக்கும் கதை, அவனுக்கு வெளியே ஒரு கண்ணையும் திறந்தே வைத்திருக்கிறது. இந்த இடத்தில் திரைக்கோட்பாட்டாளர் மரே ஸ்மித் 1995இல் செய்த பாகுபாடு கைகொடுக்கும். ஒரு பாத்திரத்தின் அனுபவத்தோடு நாம் சேர்ந்து நடப்பது ஒன்று. அவன் செய்வதை ஒழுக்கநெறிப்படி ஏற்பது வேறொன்று. முதலாவது நடந்தால் இரண்டாவதும் தானே நடக்கும் என்ற அனுமானத்தை அவர் மறுத்தார். நல்லவருக்கு நல்லதும் கெட்டவருக்குக் கெட்டதும் நடப்பதையே ரசிகர் விரும்புவார் என்ற டோல்ஃப் ஸில்மானின் பழைய கோட்பாட்டுக்கு டோனி விடாத தலைவலி. ஆய்வாளர் மார்கிரேத்த புரூன் வாகே 2016இல் வெளியிட்ட நூலில், இத்தகைய நாயகனையும் நம்மை விரும்பவைக்கும் ஒரு தந்திரத்தைச் சுட்டினார்: நாயகனைவிடக் கொடியவன் ஒருவனைப் பக்கத்தில் நிறுத்துவது. டோனியின் கூட்டாளி ரால்ஃப் சிஃபரெட்டோ ஓர் இளம்பெண்ணை அடித்தே கொன்ற பிறகு, டோனி ரால்ஃபைக் கொல்லும்போது நமக்குப் பதறுவதில்லை.

அந்தத் தந்திரமே ஒரு தொடரின் முழு முதலாகிவிட்டால் என்ன ஆகும்? 2006இல் தொடங்கிய ‘டெக்ஸ்டர்’ அதற்கு விடை. தொடர்கொலைகாரன் டெக்ஸ்டர் பெரும்பாலும் கொலைகாரர்களையே கொல்கிறான். அவன்மீது முதலில் சந்தேகப்பட்ட காவலர் டோக்ஸ் நேர்மையானவர். அவரைக் கூண்டில் அடைத்துவைத்த டெக்ஸ்டர் என்ன செய்யப்போகிறான் என்பதுதான் இரண்டாம் சீசனின் உண்மையான கேள்வி. அந்தக் கேள்விக்குக் கதை பதில் சொல்லவில்லை. வேறொரு பெண் வந்து டோக்ஸைக் கொன்றுவிடுகிறாள். ஏழாம் சீசனில் காவல் அதிகாரி லகுவெர்டா அவனை நெருங்கியபோதும் துப்பாக்கி டெக்ஸ்டரின் தங்கை கைக்குப் போகிறது. நாயகன் கை கறைபடாமல் தப்பும் இத்தகைய தொடரை விறுவிறுப்பாகப் பார்க்கலாம், ஆனால் பார்த்து முடித்தபின் அதனோடு வாதாட ஒன்றும் மிஞ்சுவதில்லை.

‘தி சோப்ரானோஸ்’ அந்த வசதியைத் தனக்கே மறுத்தது. டோனியின் மனநல மருத்துவர் ஜெனிஃபர் மெல்ஃபி பாலியல் வன்முறைக்கு ஆளாகி, குற்றவாளி சட்டத்தின் ஓட்டையில் தப்பிய பின், ஒரு வார்த்தை சொன்னால் டோனி பழிதீர்த்துவிடுவான் என்று அறிவார். 2001இல் வந்த அந்த எபிசோடு, அவர் சொல்லாமல் விடுவதோடு முடிகிறது. பார்ப்பவர் மனமோ சொல்லச் சொல்லித் தவிக்கிறது. 2007இல் தொடர் முடிவதற்குச் சற்று முன், தன் சிகிச்சை அவனைத் திருத்தவில்லை, சாமர்த்தியசாலியாக்கியிருக்கிறது என்று உணர்ந்து கதவைச் சாத்துகிறார். டோனியை இத்தனை காலம் ரசித்துப் பார்த்தவர்களுக்கு விழுந்த அடியாகவே அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

சந்தா வருமானம் மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. 2002இல் ‘தி ஷீல்டு’ தொடரின் முதல் எபிசோடிலேயே நாயகன் விக் மேக்கி சக காவலரைச் சுட்டுக் கொன்றான். அதை ஒளிபரப்பிய எஃப்எக்ஸ் விளம்பரம் வாங்கும் அலைவரிசை. சில விளம்பரதாரர்கள் விலகியும் தொடர் நின்றது. கேபிள் நிறுவனங்கள் தரும் கட்டணமும் பெரும் வருவாயாக இருந்ததால் அந்த அடியைத் தாங்க முடிந்தது.

2008இல் ஏஎம்சியில் தொடங்கிய ‘பிரேக்கிங் பேட்’, வால்டர் வைட் என்ற நல்லாசிரியனைப் படிப்படியாகக் கொடியவனாக்குவதையே திட்டமாகக் கொண்டது. எந்தப் படியில் பார்வையாளர் விலகுவார் என்பதே தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகனின் பரிசோதனை. இரண்டாம் சீசனில் வால்டருடைய கூட்டாளியின் காதலி ஜேன் சாகும் காட்சியில், வால்டர் வைட்டே அவளுக்குப் போதை ஊசி போட்டுக் கொல்வதாக முதலில் யோசித்திருந்தார். சக எழுத்தாளர்களும் நிறுவனத்தாரும் தயங்கவே அதை மாற்றினார். திரையில் நாம் காண்பது: மயக்கத்தில் மல்லாந்த ஜேன் வாந்தியெடுத்து மூச்சடைக்கிறாள்; வால்டர் ஓடிவந்து கையை நீட்டி, நிறுத்திக்கொள்கிறான். வாயைப் பொத்திக்கொள்கிறான். கண் கலங்குகிறது. அவள் அடங்கும்வரை நிற்கிறான். ஊசி போட்டிருந்தால் அவனை நாம் எளிதாகக் கைகழுவியிருப்போம். சும்மா நின்றதால் கைகழுவ முடியவில்லை.

இதே தொடரில்தான் எதிர்ப்பாளரின் நிலை மிகவும் கசப்பாக மாறியது. மைக்கேல் ஆர்ச்சியோடு சரிசமமாக நின்று வாதாடினான். ஸ்கைலர், போதைப்பொருள் தயாரிக்கும் கணவனை வீட்டைவிட்டு வெளியேறச் சொன்ன மனைவி. கொலைகாரனை மன்னித்த ரசிகர்கள் அவளை மன்னிக்கவில்லை. அவளாக நடித்த அன்னா கன் 2013 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸில் எழுதிய கட்டுரையில், ஸ்கைலர்மீதான வெறுப்பு தன்மீதே திரும்பியதையும் தன்னைக் கொல்ல விரும்புவதாக ஒருவர் எழுதியதையும் பதிவுசெய்தார். பணியாத, ஆணுக்கு நிகராக நிற்கும் பெண்ணைப் பலரால் சகிக்க முடியவில்லை என்பது அவருடைய முடிவு. வாகேயும் ஒரு காரணம் சொல்கிறார்: நாயகனின் சாகசத்தை நாம் சுவைத்துக்கொண்டிருக்கையில் அதன் ஒழுக்க விலையை நினைவூட்டுகிறவள் மனைவி, சுவையைக் கெடுத்த பழி அவள் தலையில் விழுகிறது. 1974இல் விட்மாரும் ரோகீச்சும் கண்டது நாற்பதாண்டு கழித்து இன்னும் கொடிய உருவில் திரும்பியது. அப்போதும் கில்லிகன் ஸ்கைலரின் வாயை அடைக்கவில்லை. குடும்பத்துக்காகத்தான் எல்லாம் செய்தேன் என்ற பல்லவியைக் கடைசி எபிசோடில் வால்டர் கைவிடுகிறான். தனக்காகவே செய்ததாக ஸ்கைலரிடம்தான் ஒப்புக்கொள்கிறான். அவள் சரியாகத்தான் சொன்னாள் என்று கதையே தீர்ப்பளிக்கும் இடம் அது.

2018 முதல் 2023 வரை வந்த ‘சக்சஷன்’ தொடரில் இந்த எதிர்ப்பாளர் ஏறக்குறைய மறைந்துவிட்டார். ஊடகச் செல்வந்தர் லோகன் ராயும் பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் குதறுகிறார்கள். எட்ட நின்று கேள்வி கேட்க நிலையான ஆள் இல்லை. தொடரை விரும்பாதவர்கள் இதைத்தான் குறையாகச் சொல்கிறார்கள், அந்தக் குறையில் நியாயம் உண்டு. ஆயினும் தொடரை உருவாக்கிய ஜெஸ்ஸி ஆம்ஸ்ட்ராங் ஓர் ஆளை விட்டுவைத்திருந்தார்: முதல் சீசனின் முடிவில் லோகனின் மகன் கெண்டல் ஓட்டிய கார் நீரில் விழுந்து இறந்துபோன, திருமணத்தில் பரிமாற வந்த இளைஞன். இரண்டாம் சீசனில் கெண்டல் இரவில் அந்த இளைஞனின் பெற்றோர் வீட்டுக்குப் போய், கதவில் உள்ள தபால் துவாரத்தில் பணக்கட்டைத் திணித்துவிட்டு ஓடுகிறான். கடைசி எபிசோடில் நிறுவனத்தின் தலைமை கைக்கெட்டும் தருணத்தில் தங்கை ஷிவ் அந்தச் சாவை எடுத்து முன்னே வைக்கிறாள். தானே முன்பு அழுது ஒப்புக்கொண்டதைக் கெண்டல் நடக்கவே இல்லை என்று மறுக்கிறான். பதவியும் கைநழுவுகிறது. ஷிவ்வுக்கு அங்கே நீதியில் அக்கறை இல்லை. அண்ணனை வீழ்த்த அகப்பட்ட ஆயுதமாகவே அதைப் பயன்படுத்துகிறாள். இறந்தவனுக்காக வாதாட அவனைச் சுரண்டியவர்களைத் தவிர எவரும் மிஞ்சவில்லை என்ற நிலையை இந்தத் தொடர் மறைக்காமல் காட்டியது. நான்கு சீசன்களின் வசைமொழியையும் வஞ்சகத்தையும் அதற்காகவே பொறுத்துக்கொள்ளலாம் என்பேன்.