செப்புத் தேக்சாவின் சரித்திரம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்

 

ரமளான் நெருங்கும்போது, ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான நம் வடசென்னைப் பள்ளிவாசல்களின் பின்கட்டில் ஓராண்டாகக் கவிழ்ந்து கிடந்த தேக்சாக்களைப் புரட்டித் தேய்த்து, நோன்புக் கஞ்சிக்கு ஆயத்தப்படுத்துவார்கள். அவற்றில் பெரும்பாலானவை இன்று அலுமினியம். மூலையில் பழைய செப்புத் தேக்சா ஒன்று கிடந்தால், "ஹஜ்ரத், இதை எடைக்குப் போட்டுவிடலாமா? செம்பு நல்ல விலை போகிறதே" என்று கேட்போரும் உண்டு. என்னிடமே இரண்டு மஹல்லாக்களில் இக்கேள்வி கேட்கப்பட்டது. விடை கூறுமுன், அப்பாத்திரம் எவ்வாறு உருவாயிற்று என்பதை அறிந்துகொள்வது நலம்.

பழைய தேக்சா ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அதன் மேனி முழுவதும் மீன் செதிலைப் போல, வரிசை வரிசையாகச் சிறு தழும்புகள் தென்படும். ஒவ்வொரு தழும்பும் ஒரு சுத்தியல் அடி. கன்னார் எனப்படும் பாத்திரக் கைவினைஞர், வட்டமாக வெட்டிய செப்புத் தகட்டை முதலில் குழிந்த மரக்கட்டையின் மீது வைத்துக் கொட்டாப்புளியால் அடித்துக் குழிவாக்குவார். பின்னர் அதை இரும்புப் பட்டடையின் மீது கவிழ்த்து, அடியிலிருந்து விளிம்பு நோக்கி வட்டம் வட்டமாக அடித்துக்கொண்டே வருவார். அடிக்க அடிக்கச் செம்பு இறுகிவிடும். மேலும் அடித்தால் விரிசல் விடும். எனவே ஒவ்வொரு சுற்று முடிந்ததும் உலையில் இட்டு, துருத்தி ஊதி, மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்ச வேண்டும். காய்ச்சிய எஃகைத் தண்ணீரில் தோய்த்தால் கடினப்படும். செம்போ தோய்த்த பிறகும் இளகியே இருக்கும். இவ்வாறு காய்ச்சுவதும் அடிப்பதுமாகப் பலமுறை நடந்த பிறகே தகடு பாத்திரமாக எழும். பெரிய தேக்சாவுக்கு ஒரே தகடு போதாது. அடிப்பாகத்தையும் சுவர்ப்பாகத்தையும் தனித்தனியே அடித்து, ஓரங்களைப் பற்களைப் போல வெட்டி ஒன்றோடொன்று கோத்து, வெங்காரம் இட்டுப் பித்தளையால் பற்றவைப்பார்கள். அந்தப் பல்வரிசையைப் பழைய பாத்திரங்களில் இன்றும் விரலால் தடவி அறியலாம். உலை, துருத்தி, குறடு, சுத்தியல், கொட்டாப்புளி, பட்டடை ஆகியவையே அவர்களிடம் இருந்த கருவிகள்.

தமிழகத்தில் உலோகத்தை அடித்துக் கிண்ணம் செய்வது மிகப் பழமையான தொழில். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தெடுத்த வெண்கலக் கலங்களை எழும்பூர் அருங்காட்சியகத்தில் காணலாம். ஆனால் நம் பகுதிக் கன்னார்களுக்குச் செம்பு எங்கிருந்து வந்தது? விடை எண்ணூருக்கு வடக்கே, பழவேற்காட்டில் இருக்கிறது. 1613-இல் அங்கே கெல்திரியா கோட்டையைக் கட்டிய டச்சுக் கம்பெனியார், ஜப்பானின் நாகசாகித் துறைமுகத்தில் செப்புப் பாளங்களைக் கொள்முதல் செய்து சோழமண்டலக் கரையில் விற்றார்கள். பழவேற்காட்டிலேயே செப்புக்காசும் அச்சடித்தார்கள். 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் கம்பெனியின் கப்பல்கள் இங்கிலாந்துச் செம்பைக் கொண்டுவந்து இறக்கலாயின. கடல் கடந்து வந்த அந்த உலோகம் இங்கே அடிபட்டு அண்டாவாகவும் தாலமாகவும் சொம்பாகவும் ஆயிற்று.

நம் மார்க்க நூல்களில் இவ்வுலோகத்திற்கு உரிய இடம் உண்டு. சுலைமான் (அலை) அவர்களுக்குச் செம்பு ஊற்றாக ஓடச் செய்யப்பட்டதையும், அசைக்க முடியாத பெரும் கொப்பரைகள் அவர்களுக்காகச் செய்யப்பட்டதையும் ஸபஃ அத்தியாயம் எடுத்துரைக்கிறது. நபி (ஸல்) அவர்கள் பித்தளைப் பாத்திரத்தில் இருந்த நீரால் உளூச் செய்த செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. பக்தாதின் முஸ்தன்ஸிரிய்யா மத்ரஸாவை அடுத்துள்ள கடைவீதிக்கு, செம்பு அடிப்போர் சந்தை என்னும் பொருளில் 'ஸூக்குஸ் ஸஃப்பாரீன்' என்று பெயர். 'இஃராபுல் குர்ஆன்' எழுதிய எகிப்திய இலக்கண அறிஞர் அபூஜஃபர் (ரஹ்), ஹிஜ்ரி 338-இல் வஃபாத்தானவர், செம்புத் தொழிலைக் குறிக்கும் 'அந்நஹ்ஹாஸ்' என்ற பெயராலேயே அறியப்படுகிறார். அவர் நூலைப் புரட்டிய ஓதும் பிள்ளைகளில் எத்தனை பேர் அப்பெயரின் பொருளை எண்ணிப் பார்த்திருப்போம்?

செம்பை வீழ்த்திய அலுமினியம் இந்தியாவில் காலூன்றியதும் நம் சென்னையில்தான் என்பது வியப்புக்குரிய செய்தி. 1898-இல், எழும்பூருக்கும் பெரியமேட்டுக்கும் அருகிலுள்ள கைத்தொழிற் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். செம்பும் பித்தளையும் அடித்துப் பழகிய கைகளுக்கே அலுமினியத் தகடு தரப்பட்டது. சில ஆண்டுகளில் அது தனியார் கம்பெனியின் கைக்கு மாறி, பெருந்தொழிலாக வளர்ந்தது. பிற்காலத்தில் அச்சு எந்திரமும் கடைசல் எந்திரமும் வந்தபோது சுத்தியலுக்கே வேலையில்லாமல் போயிற்று. பஞ்சாபின் ஜண்டியாலா குருவில் செம்பும் பித்தளையும் அடிக்கும் தட்டேராக்களின் கலையை 2014-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் ஊர்க் கன்னார்களுக்கு அத்தகைய பட்டியல் ஏதும் வாய்க்கவில்லை.

செம்பு கைவிடப்பட்டதற்கு விலை மட்டும் காரணமன்று. புளிப்புப் பட்டால் செம்பில் பச்சைக் களிம்பு ஏறும்; அது உடலுக்குக் கேடு. ஆகவே உட்புறம் ஈயம் பூசப்பட வேண்டும். பாத்திரத்தைக் கரி நெருப்பில் சூடேற்றி, நவச்சாரத் தூளைத் தூவி, வெள்ளீயத்தைத் தேய்த்துப் பஞ்சால் ஒரே வீச்சில் துடைத்தால் கறுத்த செம்பு கண்ணாடிபோல் வெளுத்துவிடும். ஹனஃபி சட்டமேதை இப்னு ஆபிதீன் (ரஹ்) தம் 'ரத்துல் முஹ்தார்' நூலில் இதையும் விடவில்லை. பூச்சில்லாத செம்பில் உண்பது, அதன் களிம்பு உணவில் கலந்து தீங்கு செய்வதால் மக்ரூஹ் என்றும், பூசிய பின் அவ்வாறில்லை என்றும் விளக்குகிறார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. தமிழில் ஈயம் என்றால் வெள்ளீயமும் உண்டு, காரீயமும் உண்டு. பாத்திரத்திற்கு உரியது வெள்ளீயம் மட்டுமே. காரீயம் நஞ்சு. மலிவாகப் பூசித் தருகிறேன் என்பவரிடம் எது பூசுகிறார் என்று நிர்வாகிகள் கேட்டே ஆகவேண்டும். 232 டிகிரி வெப்பத்தில் வெள்ளீயம் உருகிவிடும் என்பதால், வெறும் தேக்சாவை அடுப்பில் காயவிடுவதும் கூடாது. கஞ்சி காய்ச்சுவதற்கோ செம்புக்கு இணையில்லை. எவர்சில்வரைவிட ஏறத்தாழ 25 மடங்கு நன்றாக அது வெப்பத்தைக் கடத்துவதால், ஓரிடத்தில் மட்டும் சூடேறி அடிப்பிடிப்பதில்லை.

இப்போது எடைக்குப் போடும் கேள்விக்கு வருவோம். இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்கள், மக்களிடம் வழக்கமாகிவிட்ட அசையும் பொருள்களை வக்ஃபு செய்வது கூடும் என்றார்கள். அவற்றை 'ஹிதாயா' வரிசைப்படுத்தும்போது கோடரி, வாள்ரம்பம், ஜனாஸாக் கட்டில், குர்ஆன் பிரதிகள் ஆகியவற்றோடு சமையல் பாத்திரங்களையும் கொப்பரைகளையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. ஷாஃபி மத்ஹபில் அசையும் பொருளை வக்ஃபு செய்வதில் இவ்வளவு விவாதமும் இல்லை. ஆகவே கஞ்சிக்கென்று ஒருவர் வக்ஃபு செய்த தேக்சா, ஜனாஸாக் கட்டிலைப் போன்றே வக்ஃபுச் சொத்து. பயன்பாடு அறவே அற்றுப்போனால் நிபந்தனைகளோடு மாற்றிக்கொள்ள வழியுண்டு. ஈயம் தேய்ந்துபோவது பயன்பாடு அற்றுப்போவதாகாது.

நான் முன்பு பணியாற்றிய ஒரு மஹல்லாவில், நான் சேருவதற்கு முன்பே மூன்று தேக்சாக்கள் காயலான் கடைக்குப் போய்விட்டிருந்தன. (அக்கடைக்கு அப்பெயர் நம் காயல்பட்டினத்தாரால் வந்தது என்பார்கள்.) ஒரு ரமளானில் வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர், தம் பாட்டனார் வாங்கிக் கொடுத்த தேக்சாவின் விளிம்பில் அவர் பெயர் வெட்டியிருக்கும், அதைத் தம் மகனுக்குக் காட்ட வேண்டும் என்றார். நிர்வாகிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் அலுமினியத் தேக்சாவின் விளிம்பையும் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

நம் பள்ளியில் செப்புத் தேக்சா ஒன்று மீதமுள்ளது. அதன் விளிம்பிலும் எழுத்து இருக்கிறது; களிம்பு மூடியுள்ளதால் பாதிதான் படிக்க முடிகிறது. ஷஃபான் பிறை முதல் வாரத்தில், அஸருக்குப் பின் ஈயம் பூசுபவர் வர இசைந்துள்ளார். புளியிட்டுத் துலக்கும்போது அப்பெயரைப் படிக்க விரும்புவோர் பின்கட்டுக்கு வரலாம்.