பகையைக் கடந்த அண்டை நாடுகள்: ஆசியான் வரலாறு உணர்த்தும் உண்மை

உலக அமைதியைப் பற்றிப் பேசும்போது நம் எண்ணம் பெரும்பாலும் நியூயார்க்கையும் ஜெனிவாவையும் நாடிச் செல்கிறது. ஆயினும், நாடுகளின் ஒத்துழைப்பு போரை எவ்வாறு தடுக்கிறது என்பதை அறிய நாம் அத்துணைத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. நாம் வாழும் வட்டாரத்தின் வரலாறே அதற்குத் தக்க சான்றாகும்.

1963ஆம் ஆண்டில் மலேசியா உருவானதை இந்தோனேசியா ஏற்க மறுத்தது. ‘கொன்ஃப்ரொன்தாசி’ எனப்பட்ட எதிர்ப்பு நடவடிக்கையால் போர்னியோவின் எல்லைக் காடுகளில் மோதல்கள் மூண்டன. அப்போது மலேசியாவின் அங்கமாயிருந்த சிங்கப்பூரில், 1965 மார்ச் 10ஆம் நாள் மெக்டொனால்ட் ஹவுஸ் கட்டடத்தில் குண்டு வெடித்து மூவர் மாண்டனர். 33 பேர் காயமுற்றனர். பிலிப்பீன்ஸோ சாபாவுக்கு உரிமை கோரிக்கொண்டிருந்தது.

இப்பகை 1966இல் தணிந்தது. மலேசியாவின் துன் அப்துல் ரசாக்கும் இந்தோனேசியாவின் ஆதாம் மாலிக்கும் பேங்காக்கில் பேச்சு நடத்தி, ஆகஸ்ட் 11ஆம் நாள் ஜகார்த்தாவில் உடன்பாடு கண்டனர். ஓராண்டுக்குள், 1967 ஆகஸ்ட் 8ஆம் நாள், அவ்விருவரும் மீண்டும் பேங்காக்கில் கூடினர். தாய்லாந்தின் தானாட் கோமன், பிலிப்பீன்ஸின் நார்சிசோ ராமோஸ், சிங்கப்பூரின் ராஜரத்தினம் ஆகியோரும் உடன் கையொப்பமிட, ஆசியான் பிறந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்த தமிழர் ஒருவர் அந்த ஐவருள் இடம்பெற்றது நாம் நினைவிற்கொள்ளத் தக்கது.

அன்று வெளியான அறிக்கை மிகச் சுருக்கமானது. அது ஒரு படையையோ நீதிமன்றத்தையோ அமைக்கவில்லை. கையொப்பமிட்ட நாடுகளிடையே ஐயங்கள் அகன்றுவிடவும் இல்லை. மறு ஆண்டே சோதனை வந்தது. சாபா தொடர்பான பூசலால் மலேசியாவுக்கும் பிலிப்பீன்ஸுக்கும் இடையிலான தூதரக உறவு நின்றுபோனது. மெக்டொனால்ட் ஹவுஸ் வழக்கில் இந்தோனேசியக் கடற்படை வீரர் இருவருக்குச் சிங்கப்பூர் 1968 அக்டோபரில் மரண தண்டனையை நிறைவேற்றியது. ஜகார்த்தாவில் சினமுற்ற கூட்டம் சிங்கப்பூர்த் தூதரகத்தைச் சூறையாடியது.

புதிய சங்கம் அத்துடன் கலைந்திருக்கலாம், கலையவில்லை. 1969 டிசம்பரில் கேமரன் மலையில் ஆசியான் அமைச்சர்கள் கூடியபோது, மலேசியாவும் பிலிப்பீன்ஸும் உறவைப் புதுப்பித்துக்கொள்ளும் செய்தி அறிவிக்கப்பட்டது. 1973 மே மாதம் ஜகார்த்தா சென்ற பிரதமர் லீ குவான் இயூ, தூக்கிலிடப்பட்ட அவ்விரு வீரர்களின் கல்லறைகளில் மலர் தூவினார். தன் மண்ணில் மூவரின் உயிரைப் பறித்த செயலைச் சிங்கப்பூர் மறக்கவுமில்லை. அண்டை நாட்டின் மனப்புண்ணை மதிக்கத் தயங்கவுமில்லை.

இவ்வாறு பழகிய பின்னரே சட்டம் வந்தது. 1976 பிப்ரவரியில் பாலியில் கையொப்பமான நட்புறவு, ஒத்துழைப்பு உடன்படிக்கை, பூசல்களைத் தீர்க்க வன்முறையை நாடுவதில்லை என உறுப்பு நாடுகளைப் பிணைத்தது. பின்னாளில் சிப்பாடான், லிகித்தான் தீவுகளுக்காக மலேசியாவும் இந்தோனேசியாவும் அனைத்துலக நீதிமன்றத்தை நாடின. 2002இல் தீர்ப்பு மலேசியாவுக்குச் சாதகமாயிற்று. பத்து பூத்தே எனவும் பெட்ரா பிராங்கா எனவும் வழங்கும் தீவு 2008இல் சிங்கப்பூருக்கும், அருகிலுள்ள மிடில் ராக்ஸ் பாறைகள் மலேசியாவுக்கும் உரியவை எனத் தீர்ப்பாயிற்று. ஒருகாலத்தில் படை நகர்த்தலில் முடிந்திருக்கக்கூடிய வழக்குகள் வழக்கறிஞர்களின் வாதங்களோடு முடிந்தன.

ஒத்துழைப்பு எல்லாப் போரையும் தடுத்துவிடும் என நாம் கூறவில்லை. 2008க்கும் 2011க்கும் இடையில், பிரியா விகார் கோயிலையொட்டிய எல்லையில் தாய்லாந்தும் கம்போடியாவும் மோதிக்கொண்டன. இரண்டும் ஆசியான் உறுப்பு நாடுகளே. உடன்படிக்கையில் இட்ட கையொப்பம் தானாகக் காவல் புரியாது என்பதற்கு இது சான்று.

எனவே, அமைதியை நாடுகளுக்கிடையே தானே மலரும் அன்பின் விளைவாக நாம் கருதுதல் தகாது. மனம் கசந்திருக்கும் நாளிலும் பேச்சை முறிக்காத பழக்கத்தின் விளைவே அது. கொன்ஃப்ரொன்தாசியை நேரில் கண்ட தலைமுறை மறைந்து வருகிறது. அமைதியை இயல்பாகவே பெற்ற தலைமுறைக்கு, அது எத்தகைய பகையிலிருந்து மீட்டெடுக்கப்பட்டது என்பதைச் சொல்லிவைக்கும் கடமை நமக்கு உண்டு.