இரத்த அழுத்த வரைபடம்: ஒரு புள்ளியைப் பார்த்துப் பதற வேண்டாம்

தாசேக் கெலுகோர்: மலாயில் 'டாரா திங்கி' என்றும் நம் வீடுகளில் 'பிரஷர்' என்றும் சொல்லப்படும் உயர் இரத்த அழுத்தம், நம் நாட்டில் பெரியவர்கள் பத்துப் பேரில் ஏறக்குறைய மூவருக்கு இருக்கிறது. தேசிய சுகாதார ஆய்வு இதை 2019-இல் 30 விழுக்காடு என்றும் 2023-இல் 29.2 விழுக்காடு என்றும் கணக்கிட்டுள்ளது.

முன்பெல்லாம் கிளினிக்கில் மிஸ்ஸி அளந்து புத்தகத்தில் எழுதித் தரும் எண் மட்டும்தான் நோயாளிக்குத் தெரியும். இப்போது வீட்டிலேயே அளவெடுக்கும் கருவி வந்துவிட்டது. கைப்பேசிச் செயலி அந்த எண்களைக் கோடாக வரைந்தும் காட்டுகிறது. தாசேக் கெலுகோரில் இருக்கும் அம்மாவின் வரைபடம், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்யும் மகளின் வாட்ஸ்அப்புக்கு நொடியில் போய்ச் சேரும்.

ஆனால் எண்ணைப் படிப்பது வேறு, கோட்டைப் படிப்பது வேறு. தவறாகப் படித்தால் ஒன்று வீண் பயம் வரும், அல்லது வீண் நிம்மதி வரும். இரண்டுமே மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ தூண்டக்கூடியவை.

எந்தக் கோடு எது?

பெரும்பாலான வரைபடங்களில் இரண்டு கோடுகள் இருக்கும். மேலே இருப்பது இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது உண்டாகும் அழுத்தம். கீழே இருப்பது இதயம் தளர்ந்து ஓய்வெடுக்கும்போது உள்ள அழுத்தம். 130/80 என்று எழுதும்போது முதல் எண் மேல்கோட்டுக்கும் அடுத்த எண் கீழ்கோட்டுக்கும் உரியவை. இரண்டும் மில்லிமீட்டர் பாதரசத்தில் அளக்கப்படுகின்றன. இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி 1896-இல் கையில் பட்டை கட்டி அளக்கும் பாதரசக் கருவியை அறிமுகப்படுத்தினார். பாதரசம் போய் மின்கருவி வந்த பிறகும் அந்த அலகு மாறவில்லை.

சில செயலிகள் மூன்றாவதாக ஒரு கோட்டையும் போடும். அது நாடித்துடிப்பு. அது 72-இலிருந்து 88-க்கு ஏறியதைப் பார்த்து 'கீழ் பிரஷர் ஏறிவிட்டது' என்று கலங்குவதற்கு இடமுண்டு. எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

எல்லைக் கோடு எங்கே?

மலேசிய சுகாதார அமைச்சின் 2018-ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டியின்படி, கிளினிக்கில் அளக்கும்போது 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயர் இரத்த அழுத்தம். வீட்டில் அளக்கும்போது அந்த எல்லை 135/85. மருத்துவரைப் பார்த்ததும் சிலருக்கு அழுத்தம் ஏறிவிடும். வீட்டில் அந்தப் பதற்றம் இல்லாததால் எல்லையும் சற்றுக் கீழே வைக்கப்பட்டுள்ளது. எனவே வீட்டில் எடுத்த 138-ஐ '140-க்குக் கீழேதானே' என்று விட்டுவிடக் கூடாது.

அமெரிக்க வழிகாட்டி 2017-இல் எல்லையை 130/80 ஆகக் குறைத்தது. வெளிநாட்டுச் செயலி சில வேளை அந்தக் கணக்கில் நிறம் தீட்டும். உங்கள் 132 அங்கே மஞ்சளாகவோ சிவப்பாகவோ தெரியலாம். நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இலக்கு பொதுவான எல்லையைவிடக் குறைவாகவும் இருக்கலாம். ஆகவே செயலியின் நிறத்தை நம்புவதைவிட, 'என் இலக்கு எவ்வளவு?' என்று மருத்துவரிடம் கேட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைப்பது நல்லது.

இரண்டு வாரம், இரண்டு கோடு

விளக்கத்துக்காக இருவரின் மேல்கோட்டை எடுத்துக்கொள்வோம். இவை நாளுக்கொரு சராசரி அளவாக அமைத்த மாதிரி எண்கள்.

முதலாமவர்: 136, 130, 128, 151, 127, 132, 130.

இரண்டாமவர்: 144, 142, 141, 143, 140, 142, 141.

வரைந்து பார்த்தால் முதலாமவரின் கோட்டில் நான்காம் நாளில் ஒரு மலை நிற்கும். இரண்டாமவரின் கோடு வாய்க்கால் நீர் போல அமைதியாக ஓடும். பார்த்தவுடன் முதலாமவருக்குப் பயம் வரும், இரண்டாமவருக்கு நிம்மதி வரும். கணக்குப் போட்டால் நிலைமை தலைகீழ்.

வீட்டு அளவுகளில் முதல் நாளை விட்டுவிட்டு மீதி நாள்களின் சராசரியைப் பார்ப்பது வழக்கம். அப்படிப் பார்த்தால் முதலாமவரின் சராசரி 133. இது 135-க்குக் கீழே. இரண்டாமவருக்கோ 141.5. ஒரு நாள்கூட எல்லைக்குக் கீழே இறங்கவில்லை. மருத்துவரின் கவனம் உடனே தேவைப்படுவது அந்த அமைதியான கோட்டுக்குத்தான்.

நோயாளிகள் மேடுபள்ளத்தைக் கண்டு மயங்குவது ஆய்விலும் தெரிய வந்துள்ளது. அமெரிக்காவின் மிசூரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், அளவுகளின் ஏற்ற இறக்கம் கூடக்கூட, அழுத்தம் கட்டுப்பாட்டில் இல்லை என்று நோயாளிகள் எண்ணினர். மேடுபள்ளத்தைச் சமன்செய்து போக்கை மட்டும் காட்டும் கோட்டைச் சேர்த்தபோது அந்த மயக்கம் குறைந்தது. உங்கள் செயலியில் 7 நாள் சராசரியைக் காட்டும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

கோடு ஏன் ஆடுகிறது?

ஆடாத இரத்த அழுத்தம் யாருக்கும் கிடையாது. உறக்கத்தில் இறங்கும், விழித்ததும் ஏறும். காப்பி, சிகரெட், கோபம், வலி, அடக்கி வைத்த சிறுநீர், அளக்கும்போது பேசுவது, சட்டைக் கைக்கு மேலே பட்டையைக் கட்டுவது ஆகிய ஒவ்வொன்றும் எண்ணை உயர்த்தும். ஒரு புள்ளி மட்டும் எகிறி நின்றால், அன்று என்ன நடந்தது என்று யோசித்து அருகில் ஒரு சொல் எழுதி வையுங்கள். 'தூக்கமில்லை', 'மாத்திரை மறந்தேன்' என்ற குறிப்பு மருத்துவருக்குப் பல நேரம் எண்ணைவிட அதிகம் சொல்லும். இத்தகைய எகிறல் அடிக்கடி வந்தால் அதையும் அவரிடம் தெரிவிக்க வேண்டும்.

படமும் ஏமாற்றும்

ஒரே எண்கள் இரண்டு செயலிகளில் இரண்டு விதமாகத் தெரியலாம். இடப்பக்க அளவுகோல் 120-இல் தொடங்கி 135-இல் முடிந்தால், 5 புள்ளி வேறுபாடு பினாங்குக் கொடிமலை போல உயர்ந்து நிற்கும். அதே அளவுகோல் 0 முதல் 200 வரை என்றால், 20 புள்ளி ஏற்றம்கூட மேடாகத் தெரியாது. கோட்டைப் பார்க்கும் முன் ஓரத்து எண்களைப் பாருங்கள்.

அளக்காத நாள்களைச் சில செயலிகள் நேர்கோட்டால் இணைத்துவிடும். அந்தக் கோட்டுக்குக் கீழே அளவு எதுவும் இல்லை என்பதை மறக்கக் கூடாது.

எப்போது அளக்கிறோம் என்பதும் படத்தை மாற்றும். தலை சுற்றும்போது மட்டும் அளப்பவரின் வரைபடம் மோசமான நேரங்களின் தொகுப்பாகிவிடும். நல்ல எண் வரும்வரை அளந்து கடைசியை மட்டும் பதிபவரின் வரைபடம், அவர் கேட்க விரும்பியதை மட்டும் சொல்லும்.

நம்பத்தக்க வரைபடத்துக்கு:

• மருத்துவரைப் பார்ப்பதற்கு முந்தைய 7 நாள், காலையும் மாலையும் அளக்கவும்.

• ஒவ்வொரு முறையும் ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து இரண்டையும் பதியவும்.

• காலையில் சிறுநீர் கழித்த பிறகு, பசியாறுவதற்கும் மாத்திரைக்கும் முன் அளக்கவும். இரவு ஷிப்ட் வேலை செய்வோர் உறங்கி எழுந்த நேரத்தைக் காலையாகக் கொண்டு, ஷிப்ட் விவரத்தையும் குறிக்கலாம்.

• அதற்கு முன் அரை மணி நேரம் காப்பி, தேநீர், சிகரெட் வேண்டாம். 5 நிமிடம் பேசாமல் உட்காரவும்.

• முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, கை இதய மட்டத்தில் இருக்கட்டும்.

• மணிக்கட்டுக் கருவியைவிட மேல்கைக் கருவி நல்லது. பட்டை கையின் சுற்றளவுக்குப் பொருந்த வேண்டும்.

நாடி சீரற்றுத் துடிப்பவர்களுக்கு மின்கருவியின் எண் சரியாக இல்லாமல் போகலாம். அவர்கள் முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கோடு இறங்கினால்?

இது எல்லாவற்றையும்விட முக்கியம். சில மாதங்களில் கோடு எல்லைக்குக் கீழே வந்து நிலைத்துவிட்டால், 'பிரஷர் போய்விட்டது' என்று நினைக்கத் தோன்றும். கோட்டைக் கீழே பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் அந்த மாத்திரைதான். நிறுத்தினால் கோடு மீண்டும் ஏறும். ஆனால் உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. அளக்காதவருக்குப் பக்கவாதமோ மாரடைப்போ முதல் அறிகுறியாக வந்துவிடலாம். தலைசுற்றலோடு எண் மிகவும் இறங்கினாலும் மருத்துவரைக் கேட்ட பிறகே மாத்திரையைக் குறைக்க வேண்டும்.

சராசரிக்குக் காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. எண் 180/110-ஐத் தாண்டினால் 5 நிமிடம் அமர்ந்து மறுபடி அளக்கவும். அப்போதும் இறங்காவிட்டால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், முகம் கோணுதல், ஒரு பக்கக் கைகால் செயலிழத்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் எது வந்தாலும், எண் எதுவானாலும், உடனே 999.

மற்ற நாள்களில் அவசரம் வேண்டாம். அடுத்த தவணைக்குக் கிளினிக் செல்லும்போது, அது தாசேக் கெலுகோரோ கெப்பாலா பத்தாஸோ, மருந்துப் பையோடு இந்த வரைபடத்தையும் கொண்டு செல்லுங்கள். 'என் வாரச் சராசரி என்ன? அது என் இலக்குக்குள் இருக்கிறதா? மாத்திரையில் மாற்றம் வேண்டுமா?' இந்த மூன்று கேள்விக்கும் விடை வாங்கிக்கொண்டு திரும்புங்கள். பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் படத்தை அனுப்பும்போது அந்த விடைகளையும் சேர்த்து அனுப்பினால், அங்கே அவர்களும் பதற மாட்டார்கள்.