குறிகை-குறுக்கீட்டு விகிதம்

நகர்பேசிப் பிணையங்களில், வேண்டிய குறிகையின் திறனுக்கும், அதே அதிர்வெண்ணில் பிற கோபுரங்களிலிருந்து வந்து கலக்கும் குறிகைகளின் திறனுக்கும் இடையேயான விகிதம் குறிகை-குறுக்கீட்டு விகிதம் எனப்படும். இது டெசிபெல் அலகில் குறிக்கப்படுகிறது. பேச்சு தெளிவாகக் கேட்க இவ்விகிதம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது ஒரே எண்ணில் அடங்குவதில்லை. பயனர் நடக்கிறாரா, வாகனத்தில் செல்கிறாரா, சுற்றிலும் கட்டடங்களா மலைகளா என்பதைப் பொறுத்து அது மாறும்.

மங்கல்

கோபுரத்திலிருந்து புறப்படும் அலை கட்டடங்களிலும் வாகனங்களிலும் எதிரொளித்துப் பல பாதைகளில் கருவியை வந்தடைகிறது. அவ்வலைகள் ஓரிடத்தில் ஒன்றையொன்று வலுப்படுத்தும்; சற்றுத் தள்ளி ஒன்றையொன்று அழிக்கும். இவ்வாறு குறிகை ஏறி இறங்குவது மங்கல் எனப்படும். 900 மெகாஏர்ட்சு அதிர்வெண்ணில் அலைநீளம் ஏறத்தாழ 33 செ.மீ. ஆகும். எனவே சுமார் 16 செ.மீ. நகர்ந்தாலே ஒரு பள்ளத்திலிருந்து அடுத்த பள்ளத்தை அடைந்துவிடலாம். பள்ளத்தில் குறிகை சராசரியின் நூறில் ஒரு பங்குக்கும் (20 டெசிபெல்) கீழே குறைவதுண்டு. பேச்சு விட்டுவிட்டுக் கேட்கும்போது ஓரடி தள்ளி நின்றால் சில வேளை சரியாகிவிடுவது இதனால்தான்.

விரைவின் விளைவு

ஜிஎஸ்எம் சீர்தரம், இவ்விகிதம் 9 டெசிபெல் (ஏறக்குறைய 8 மடங்கு) இருக்கும்போது பெறுவி எவ்வாறு இயங்க வேண்டும் என்று வரையறுக்கிறது. நகர்ப்புறச் சூழலில், 900 மெகாஏர்ட்சு பட்டையில், மணிக்கு 50 கி.மீ. விரைவில் செல்லும் கருவிக்குப் பேச்சுச் சட்டக இழப்பின் அடிப்படை வரம்பு 6% ஆகும். மணிக்கு 3 கி.மீ. விரைவில் நடப்பவருக்கோ அது 21%. நடப்பவருக்கே நல்ல இணைப்பு கிடைக்கும் என்று எண்ணுவோருக்கு இது வியப்பளிக்கலாம்.

காரணம் எளியது. ஒவ்வொரு 20 மில்லிநொடிப் பேச்சும் பிழைதிருத்தக் குறிமுறையுடன் எட்டுத் துணுக்குகளாகப் பிரிக்கப்பட்டு, ஏறத்தாழ 40 மில்லிநொடியில் அனுப்பப்படுகிறது. அதற்குள் வாகனம் அரை மீட்டருக்கு மேல் நகர்ந்து சில பள்ளங்களைக் கடந்துவிடும். கெட்ட துணுக்குகளை நல்லவற்றைக் கொண்டு மீட்கலாம். நடப்பவர் அந்நேரத்தில் 3 செ.மீ. அளவே நகர்ந்திருப்பார். அவர் பள்ளத்தில் இருந்தால் எட்டுத் துணுக்குகளும் கெடும்.

இதற்குத் தீர்வு அதிர்வெண் தாவல். நொடிக்கு சுமார் 217 முறை அதிர்வெண்ணை மாற்றினால், பயனர் நகராவிட்டாலும் பள்ளம் நகரும். இம்முறையில் நடப்பவருக்கான வரம்பு 21 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடாகக் குறைகிறது. தாவல் இல்லாத பிணையத்தில் 9 டெசிபெல்லுக்கு மேல் கூடுதல் விகிதம் தேவைப்படும். அதற்காக, ஒரே அதிர்வெண்ணைப் பயன்படுத்தும் கோபுரங்களை மேலும் விலக்கி வைக்க நேரும். கிடைத்தற்கரிய அலைக்கற்றை வீணாகும்.

மலைப்பகுதி

மலைகளில் பட்டுத் திரும்பும் அலை மிகத் தாமதமாக வரும். 16 மைக்ரோநொடித் தாமதம் வரை, அதாவது ஏறத்தாழ 5 கி.மீ. கூடுதல் தொலைவு வரை, ஜிஎஸ்எம் பெறுவி ஈடுகட்ட வேண்டும். அதற்கும் பிந்தி வரும் எதிரொலி, சொந்தக் கோபுரத்தினுடையதே ஆயினும், குறுக்கீடாகவே அமையும்.

பிந்தைய தொழில்நுட்பங்கள்

மூன்றாம் தலைமுறையின் டபிள்யூசிடிஎம்ஏ முறையில் அனுப்புதிறன் நொடிக்கு 1500 முறை திருத்தப்படுகிறது. ஆகவே மெதுவான மங்கலைப் பின்தொடர முடிகிறது. வாகன விரைவில் அது பிந்திவிடுகிறது. எல்டிஇ முறையில் கருவி, வானலையின் தரத்தை 0 முதல் 15 வரையான எண்ணால் கோபுரத்துக்குத் தெரிவிக்கும். தரவுத் தொகுதிகளின் பிழை 10 விழுக்காட்டைத் தாண்டாத வகையில் பண்பேற்றமும் குறிமுறையும் அதற்கேற்பத் தெரிவு செய்யப்படும். தரம் குறைந்தால் இணைப்பு அறுவதில்லை, வேகம் குறையும்.